எண்ணப்பட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும்



மக்களை எண்ணுவது ஒன்று. மக்களிடம் கேட்பது வேறொன்று. எண்ணுவதற்கு எண்ணப்படுபவரின் சம்மதம் வேண்டியதில்லை. வேலிக்கு வெளியே நின்றும் எண்ணிவிடலாம். கேட்பதற்கோ வாசற்படி வரை செல்லவேண்டும். வீட்டாரின் முகம் பார்த்துப் பேசவேண்டும். அவர் சொல்லும் விடையை அவர் சொன்னபடியே எழுதவேண்டும். எழுதியது சரிதானா என்று பின்னால் ஒருவர் வந்து பார்க்கவும் வேண்டும். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்கள் நெடுங்காலம் எண்ணப்பட்டவர்களாக இருந்தார்கள். கேட்கப்பட்டவர்களாக ஆனது மிகவும் பிந்தித்தான். அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதில் கணக்கெடுப்பாளரை மேற்பார்வை செய்தவர்களின் பங்கு யாது என்பதையும் இப்பேச்சிலே ஆராய்வோம்.

முதலில் இடத்தைச் சிறிது நினைவுகூர்வோம். ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்டது 1886ஆம் ஆண்டில். அதன் தலைநகர் பதுளை. நகரத்தைச் சூழ ஹாலிஎல, தெமோதரை, பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை என மலைச்சரிவுகள் விரிந்து கிடக்கின்றன; மேற்கே பண்டாரவளையும் அப்புத்தளையும் வெலிமடையும் உள்ளன. மாகாணம் அமைவதற்கு முன்னரே இச்சரிவுகளிற் கோப்பி பயிராயிற்று. அப்பயிரை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாகக் காணப்பட்ட இடம் இதே மடூல்சீமைப் பகுதிதான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. இருப்புப்பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியது. பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்று 1924 ஆயிற்று. அதுவரையில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து வந்த மக்கள் பெருவழியின் இறுதிப் பகுதியைக் கால்நடையாகவே கடந்து லயங்களை அடைந்தார்கள்.

தோட்டத்துக்குள் எண்ணிக்கை என்பது நாள்தோறும் நடைபெற்ற காரியம். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். மக்கள் பெரட்டுக்களத்திற் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் எழுதுவார். செக்ரோல் எனப்படும் அந்தப் பேரேட்டிலே ஒரு மனிதனுடைய ஒரு நாள் உழைப்புக்கு "பேர்" என்று பெயர். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அன்றைக்கு "அரைப்பேர்". தன் கூட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. எனவே எண்ணிக்கை தவறாமல் நடந்தது. அதில் எல்லோருக்கும் அக்கறை இருந்தது. ஆனால் அந்த ஏட்டிலே ஒருவன் என்ன உண்டான், எவ்வளவு கடன் பட்டான், எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தான் என்பவற்றுக்கு இடமில்லை. அது கூலிக்காக எழுதப்பட்ட கணக்கு, வாழ்க்கைக்காக எழுதப்பட்டதன்று.

இனி, அரசாங்கத்தின் எண்ணிக்கைக்கு வருவோம். இலங்கை முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871 மார்ச்சு மாதம் 27ஆந் திகதி எடுக்கப்பட்டது. அன்று தீவின் சனத்தொகை 24 இலட்சம். அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை இப்பணி நடந்துவந்தது. கிராமத்திலே கணக்கெடுப்பாளர் வீடுவீடாகச் சென்றார். தோட்டத்திலே நிலைமை வேறு. அங்கே தனியார் நிலம். உள்ளே செல்வதற்குத் துரையின் அனுமதி வேண்டும். உள்ளே இருப்போரின் பேரேடும் துரையின் அலுவலகத்திலேயே இருந்தது. ஆகவே தோட்டத்துக் கணக்கு பெரும்பாலும் துரைமாரையும் அவர்களின் கீழிருந்த உத்தியோகத்தரையும் நம்பியே எடுக்கப்பட்டது.

இம்முறையை முற்றிலும் பழிப்பது நியாயமாகாது. ஆட்களின் தொகையைப் பொறுத்தவரை இது கிராமத்துக் கணக்கைக் காட்டிலும் திருத்தமாகவும் இருந்திருக்கலாம். ஏனெனில் தோட்டத்திலே யாரும் கணக்கில் வராமல் இருந்துவிட முடியாது. குறை வேறிடத்தில் இருந்தது. வேலை கொடுப்பவரே எண்ணுபவராகவும், எண்ணுபவரே சரிபார்ப்பவராகவும் இருந்தார். சரிபார்ப்பவர் வேறொருவராக இருந்தாலன்றி மேற்பார்வை என்ற சொல்லுக்கே பொருளில்லை.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. அதனை அத்தியட்சராக இருந்து நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். 1875இல் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவர். மார்ச்சு மாதம் முதலாந் திகதி எடுக்கப்பட்ட அக்கணக்கு தீவின் சனத்தொகையை 35 இலட்சத்து 65 ஆயிரத்துச் சொச்சமெனக் காட்டியது. அதனையொட்டி அவர் எழுதிய அறிக்கை வெறும் எண்களின் அட்டவணையாக நின்றுவிடாமல், நாட்டின் வரலாறு, சமயம், மொழி, குலவழக்கம் ஆகியவற்றையும் ஆராய்ந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் அதே அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலத்துக்கென ஒரு சங்கத்தை நிறுவி, தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த சட்டவிதிகளை நீக்கவேண்டுமென்று வாதாடினார். மக்களைக் கணக்கிட்டவர் பின்னாளில் அம்மக்களுக்காகப் பேசினார். கணக்கு வேறு, கருணை வேறு என்று நினைப்போர்க்கு இது ஒரு பாடம்.

1911இல் டென்ஹாம் என்பவர் அத்தியட்சராக இருந்தபோது, தமிழரை "இலங்கைத் தமிழர்", "இந்தியத் தமிழர்" என்று இரு கூறாகப் பிரித்து எழுதும் வழக்கம் ஏற்பட்டது. அவ்வாண்டில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 5 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். படிவத்திலே தோன்றிய அந்தப் பிரிவு பின்னர் சட்டத்திலும் அரசியலிலும் எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கிற்று என்பது யாவரும் அறிந்ததே. தோட்டத்துக் கணக்கைத் தோட்டமே எழுதிக்கொடுத்த அக்காலத்தில், "நீ யார்?" என்ற வினாவுக்குரிய விடை தொழிலாளியின் வாயிலிருந்து வரவேண்டிய தேவை பெரும்பாலும் ஏற்படவில்லை. விடை அவனுக்காக எழுதப்பட்டது.

தொழிலாளியிடம் நேரே கேட்க விரும்பியவருக்குத் தோட்டத்து வாசல் எளிதில் திறக்கவில்லை. தஞ்சையிலிருந்து வந்து பின்னாளில் தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய கோ. நடேசய்யர், லயத்து நிலைமையைத் தம் கண்ணாற் காண்பதற்காகப் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குட் சென்றார் என்று சொல்லப்படுகிறது. ஒரு மனிதனிடம் "நீ எப்படி வாழ்கிறாய்?" என்று கேட்பதற்கு வேடம் பூணவேண்டியிருந்த காலம் அது.

எனினும் 1920களில் ஒரு மாறுதல் தொடங்கிற்று. தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று நிர்ணயிக்கவேண்டுமாயின், அவர்கள் எதை எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அறியவேண்டும். இதற்காக 1923இல் தோட்டத் தொழிலாளரின் குடும்ப வரவுசெலவு பற்றி அரசாங்கத்தார் ஒரு விசாரணை நடத்தினர். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. அரிசி, புடைவை, மிளகாய் என்று குடும்பத்தின் செலவை எழுதிய கணக்குக்கும் கையில் விழுந்த கூலிக்கும் இவ்வாறு தொடர்பு ஏற்பட்டது. விசாரிப்பவர் ஒரு கொத்து அரிசியைக் குறைத்து எழுதினால் அது வெறும் எழுத்துப் பிழையன்று. ஒரு குடும்பத்தின் உணவிற் பிழை.

இதே காலத்திற் கடலுக்கு அப்பால் நடந்தவற்றையும் காண்போம். சென்னைப் பல்கலைக்கழகத்திற் பொருளியற் பேராசிரியராக இருந்த கில்பேட் சிலேற்றர், தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையிலே தத்தம் கிராமங்களை ஆராய்ந்து வரும்படி அனுப்பினார். அதன் பயனாக 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலொன்று வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும், தென்னார்க்காட்டின் இருவேல்பட்டும் அவற்றுட் சேர்ந்தவை. தோட்டங்களுக்கு ஆட்கள் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலே கேட்பவன் ஊர்ப்பிள்ளை. அவனுக்குத் தெருவும் தெரியும், தெருவில் உள்ளவர்களும் தெரியும். அதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஊர்ப்பிள்ளைக்கு எல்லோரும் விடை சொல்வார்கள். ஆனால் தன் தெருவுக்கு அப்பாற் சென்று சேரியில் உள்ளவனிடமும் அவன் அதே பொறுமையோடு கேட்டானா என்பதைப் பேராசிரியர் எவ்வாறு அறிவது?

இந்த ஐயத்துக்கு விடை தேடியவர் வங்காளத்துப் பேராசிரியர் மகாலனோபிசு. 1937 முதல் வங்காளத்துச் சணற்பயிரின் பரப்பை மாதிரி முறையில் அளந்தபோது, மாதிரியைத் தெரிவதில் ஏற்படும் பிழையைக் காட்டிலும் அளக்கும் மனிதராற் புகும் பிழையே அபாயமானது என்பதை அவர் உணர்ந்தார். அதனால் ஒரே பிரதேசத்துக்கு இரு குழுவினரை அனுப்பினார். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். தனித்தனி மாதிரி, தனித்தனி ஏடு. இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்திருந்தால் நம்பலாம். மாறுபட்டால் எங்கே பிழை என்று தேடலாம். 1950இல் தொடங்கிய இந்தியத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் இந்த வழியிலேயே சென்றது. அதன் முதற் சுற்றுக்கு 1,833 கிராமங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மேற்பார்வை என்பது அதட்டுவதன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதே என்ற உண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

இலங்கையில் மத்திய வங்கி 1950இல் நிறுவப்பட்டது. அவ்வங்கி 1953இல் நுகர்வோர் நிதி பற்றிய முதலாவது மாதிரி ஆய்வை நடத்திற்று. நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குடும்பங்களைத் தெரிந்து, அவற்றின் வரவையும் செலவையும் கடனையும் சேமிப்பையும் நேரிற் கேட்டு எழுதுவது அதன் முறை. அதே 1953ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் திகதி குடிசன மதிப்பும் எடுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளி ஒரு குடும்பத்தின் தலைவனாக, தன் வாயினாலே தன் கணக்கைச் சொல்லும் நிலை இக்காலத்திலேதான் உருவாயிற்று.

ஆனால் அந்த வேளையைக் கவனியுங்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினாலே தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் எந்த நாட்டுப் பிரசையும் அல்லாதவர் ஆயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரசாவுரிமை கோரி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேரைச் சார்ந்தவை. மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடைவிடாது வசித்ததை நிரூபிக்கவேண்டும். விசாரணை உத்தியோகத்தர் வந்து, "எப்போது இந்தியாவுக்குப் போனாய்? எப்போது திரும்பினாய்? உன் பிள்ளை எங்கே பிறந்தது?" என்று கேட்டனர். முடிவிற் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே.

இப்பொழுது பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தை எண்ணிப் பாருங்கள். நேற்று ஓர் உத்தியோகத்தர் கையிற் காகிதத்தோடு வந்து பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்டார். அவ்விடையிலே குடும்பத்தின் கதியே தங்கியிருக்கிறது. இன்று இன்னோர் உத்தியோகத்தர் அதேபோன்ற காகிதத்தோடு வந்து அதே வினாவைக் கேட்கிறார். இது வெறும் புள்ளிவிபரத்துக்காக என்கிறார். கேட்கப்பட்டவர் இருவரையும் எவ்வாறு வேறுபடுத்தி அறிவார்? சேமிப்பு உண்டா என்று கேட்டால், உண்டென்று சொன்னாற் கூலி உயராதோ என்ற அச்சம். இந்தியாவிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்புகிறாயா என்று கேட்டால், அனுப்புகிறேன் என்று சொன்னால் இந்நாட்டில் வேரில்லாதவன் என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சம். பொய் சொல்லுபவனிடம் இருந்து மெய்யைப் பெறுவது எளிது. அஞ்சுபவனிடம் இருந்து பெறுவதே கடினம்.

இந்த இடத்திலேதான் மேற்பார்வையாளரின் பணி தொடங்குகிறது. அவருடைய முதற் கடமை தம்முடைய கணக்கெடுப்பாளரைத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து பிரித்துக் காட்டுவதாகும். துரையிடம் அனுமதி பெறாமல் உள்ளே செல்ல இயலாது. ஆனால் துரை கொடுத்த கணக்கப்பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு லயத்துக்குச் சென்றால், அங்கே கிடைக்கும் விடைகள் கணக்கப்பிள்ளைக்குச் சொல்லப்படும் விடைகளாகவே இருக்கும். ஆதலால் வழி காட்டுபவர் லயத்து முனையில் நின்றுவிடவேண்டும். வாசலுக்குக் கணக்கெடுப்பாளர் தனியே செல்லவேண்டும்.

இரண்டாவது, மொழி. தமிழறியாத கணக்கெடுப்பாளருக்கு லயத்துச் சிறுவன் ஒருவன் மொழிபெயர்த்தால், வினா ஒன்றாகவும் விடை வேறொன்றாகவும் முடியும். "உங்கள் குடும்பத்துக்குக் கடன் உண்டா?" என்ற வினா, கடைக்காரருடைய உறவினன் ஒருவன் வாயிலாகக் கேட்கப்பட்டால் அதற்கு என்ன விடை கிடைக்கும்? ஆகவே வினாக்கொத்து தமிழில் அச்சிடப்படவேண்டும், அச்சிட்டபடியே கேட்கப்படவேண்டும். அதோடு, ஏட்டுத் தமிழ் லயத்திலே விளங்குமா என்பதையும் முன்கூட்டிச் சோதிக்கவேண்டும்.

மூன்றாவது, நேரம். கொழுந்து பறிக்கும் பெண் விடியற்காலையிற் புறப்பட்டு, மாலையிற் கொழுந்து நிறுத்தபின் வீடு திரும்புகிறாள். பகற்பொழுதில் லயத்துக்குச் செல்லும் கணக்கெடுப்பாளர் கிழவரையும் நோயாளரையும் மட்டுமே காண்பார். ஊவாவிலே வாசனைமிக்க தேயிலை கிடைக்கும் கச்சான் காற்றுக் காலம் ஆடி, ஆவணி மாதங்கள். அப்போது வேலை நிலைமை ஒருவிதம். ஐப்பசி முதல் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது நிலைமை வேறுவிதம். ஒரே மாதத்திற் கேட்டுவிட்டு ஆண்டு முழுவதற்கும் கணக்குச் சொல்லலாகாது. 1978ஆம், 1979ஆம் ஆண்டுகளில் நடந்த நுகர்வோர் நிதி ஆய்வு பல சுற்றுகளாகப் பிரித்து நடத்தப்பட்டதற்குக் காரணம் இதுவேயாகும்.

நான்காவது, யாரிடம் கேட்பது என்பது. பெண்ணைப் பற்றிய வினாவுக்கும் வாசலில் நிற்கும் ஆணே விடை சொல்வது வழக்கம். 1975இல் உலகக் கருவள ஆய்வின் ஓர் அங்கமாக இலங்கையில் ஏறத்தாழ 6,800 பெண்களிடம் விசாரணை நடந்தபோது, கேட்பவர்களும் பெண்களாகவே தெரியப்பட்டனர். பிறந்து இறந்த பிள்ளையைப் பற்றி ஒரு தாய் அயலான் ஒருவனிடம் சொல்லமாட்டாள். பிறந்து பெயரிடுமுன் மாண்ட குழந்தை கணக்கிலேயே வராமற்போகும். கணக்கில் வராத மரணத்துக்கு மருத்துவச்சியை அனுப்ப எந்த அரசாங்கமும் முன்வராது.

ஐந்தாவது, வயது. பிறப்புப் பத்திரம் இல்லாத தலைமுறையினர் வயதைக் கேட்டால் முப்பது, நாற்பது, ஐம்பது என்றே சொல்வர். கணக்கெடுப்பாளர் அதை அவ்வாறே எழுதிவிட்டால், பூச்சியத்திலும் ஐந்திலும் முடியும் வயதினர் மலைபோலக் குவிந்து, இடையிலுள்ள வயதினர் பள்ளமாகிவிடுவர். கூர்மையான மேற்பார்வையாளர் இக்குவியலைக் கண்டவுடனே கணக்கெடுப்பாளர் சரியாகக் கேட்கவில்லை என்று அறிந்துகொள்வார். மருந்து எளியது: மக்கள் நினைவிலுள்ள சம்பவங்களைக் கொண்டு கேட்பது. 1953இல் ஊவாவிலே ஒரு பெண்ணிடம், "அம்மா, பதுளைக்கு ரயில் வந்தப்போ நீங்க எவ்வளவு பெரிய ஆளு?" என்று கேட்டால், "அப்பதானே எனக்குப் பால்பல்லு விழுந்துச்சு" என்று அவள் சொல்லக்கூடும். 1924இல் ஏழு வயதென்றால் இப்போது முப்பத்தாறு. "நாற்பது" என்று எழுதியிருந்தால் நான்காண்டு பிழை.

ஆறாவது, மனிதரின் இயல்பு. ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்கவேண்டும் என்று மேலிடம் கண்டிப்பாக விதித்தால், களைத்துப்போன கணக்கெடுப்பாளர் எட்டாவது லயத்து மேட்டுக்கு ஏறாமலே அங்குள்ள வீட்டின் கணக்கை மரத்தடியில் அமர்ந்து எழுதிவிடுவார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் மேலும் பல பக்க வினாக்கள் உண்டென்றால், நாலேமுக்கால் வயதுப் பிள்ளையை ஐந்தே கால் வயதாக்கி எழுதிவிட அவர் மனம் சபலப்படும். இது எமது நாட்டுக்கு மாத்திரம் உரிய குற்றமன்று. உலகெங்கும் இத்தகைய ஆய்வுகளிற் கண்டறியப்பட்டது. ஆகவே மேற்பார்வையாளர் வினாக்கொத்துகளை ஊரை விட்டுப் புறப்படுமுன்னரே படித்துப் பார்க்கிறார். ஆளில்லாத வீட்டுக்கு மறுமுறையும் மூன்றாம் முறையும் அனுப்புகிறார். சில விசாரணைகளின்போது அருகிலிருந்து கேட்கிறார். எழுதி முடிந்த வீடுகள் சிலவற்றுக்குத் தாமே சென்று இரண்டொரு வினாவைத் திரும்பக் கேட்கிறார். பிழை கண்டவிடத்து ஏசுவாராயின், மறுநாள் பிழை மறையாது. மறைக்கும் திறமைதான் வளரும். மலையேறிய களைப்பை அறிந்து, நாளாந்தத் தொகையைக் குறைத்து, மெய்யெழுதுவதை இலகுவாக்குபவரே நல்ல மேற்பார்வையாளர்.

இவ்வளவு பாடும் எதற்காக என்று நேயர்கள் வினவலாம். பயனைச் சில எண்களாற் காட்டலாம். 2006, 2007ஆம் ஆண்டுகளில் நடந்த சுகாதார ஆய்வில், தோட்டத் துறையிலே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேரளவில் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தது தெரியவந்தது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அத்தொகை அதிற் பாதிக்கும் குறைவு. 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வின்படி, நகரத்தில் நூற்றுக்கு 6 பேரும், கிராமத்தில் 15 பேரும், தோட்டத்தில் 33.8 பேரும் வறியவர். தோட்டத்தைத் தனித் துறையாகப் பிரித்துக் கேட்காதிருந்தால் இந்த வேறுபாடு நாட்டுச் சராசரியிலே கரைந்து மறைந்திருக்கும். துரையின் பேரேட்டை மட்டும் நம்பியிருந்தாலும் தெரிந்திராது. பேரேட்டிலே பிள்ளையின் உயரத்துக்கு இடமில்லையல்லவா?

இருப்பினும் பிரித்துக் கேட்பதிலும் ஓர் இடர் உண்டு. இருபது ஏக்கருக்குக் குறையாத நிலமும் பத்துப் பேருக்குக் குறையாத வதியும் தொழிலாளரும் உள்ள இடமே தோட்டம் என்று குடிசன மதிப்பு வரையறுத்தது. லயத்தை விட்டு வெளியேறி அயலூரிற் குடிசை கட்டியவனும், பதுளை நகரத்துக் கடையில் வேலைக்குச் சென்றவனும் அந்த வரையறைக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். இனத்தின் பெயரும் அவ்வாறே. 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி பதுளை மாவட்டத்தின் 8 இலட்சத்து 15 ஆயிரம் மக்களுள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இந்தியத் தமிழர் எனவும், 22 ஆயிரம் பேரளவில் இலங்கைத் தமிழர் எனவும் பதியப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை நீக்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. நான்கு தலைமுறையாக இம்மண்ணில் வாழ்பவர் "இந்திய" என்ற அடைமொழியை ஏற்கத் தயங்குவது இயல்பே. 2024 இறுதியில், காகிதப் படிவத்துக்குப் பதிலாகக் கைக்கணினி கொண்டு எடுக்கப்பட்ட குடிசன மதிப்பிலே "மலையகத் தமிழர்" என்ற பெயரும் இடம்பெற்றது. 1911இல் அவர்களுக்காக எழுதப்பட்ட விடையின் பக்கத்திலே, அவர்கள் தாமே வழங்கும் பெயரொன்று வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

கருவி மாறிவிட்டது. கைக்கணினி, வயது ஏழு என்று எழுதிவிட்டுத் திருமணமானவர் என்று குறித்தால் உடனே தடுத்து நிறுத்தும். எந்த நேரத்தில் எந்த மேட்டிலிருந்து எழுதப்பட்டது என்பதையும் காட்டிவிடும். மரத்தடியில் அமர்ந்து கணக்கெழுதும் பழக்கத்துக்கு இது ஓரளவு தடையாகும். ஆனால் வாசலில் நிற்கும் பெண் அஞ்சுகிறாளா, அருகில் நிற்பவனைப் பார்த்துக்கொண்டு விடை சொல்கிறாளா என்பதை எந்தக் கருவியும் எழுதாது. அதைக் காண ஒரு மனிதர் மலையேறி வரவேண்டும்.

பேரேட்டிலே அரைப்பேராக எழுதப்பட்ட ஒரு தாயின் பேத்தி, இன்று வினாக்கொத்திலே முழுக் குடும்பத்தின் சார்பிலும் விடை சொல்கிறாள். அவள் சொன்னது அவள் சொன்னபடியே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு, வினாக்கொத்தின் அடியில் இடப்படும் மேற்பார்வையாளரின் கையொப்பமே சாட்சி. அந்தக் கையொப்பத்தை இடுபவர் அவளுடைய லயத்து வாசலுக்கு ஒருமுறையேனும் சென்று வந்தவராக இருத்தல்வேண்டும்.